காய்ச்சல் தணிந்த பிறகு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சிக்குன்குனியாவைப் பார்த்தல்

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்புவது ஏடிஸ் கொசு. மூன்றும் காய்ச்சலாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. முதல் இரண்டு நாளில் நோயாளியைப் பார்த்து இன்னதுதான் என்று உறுதி சொல்ல அனுபவமுள்ள மருத்துவரும் தயங்குவார். அவற்றின் உண்மையான குணம் காய்ச்சல் இறங்கும்போது வெளிப்படுகிறது. டெங்கில் உயிர் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. சிக்குன்குனியாவில் காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கிறது. ஜிகாவில் தாய் மறந்தே போய்விட்ட லேசான காய்ச்சலின் விளைவு பிறக்கும் குழந்தையிடம் தெரிகிறது.

நம் வீடுகளிலும் மருத்துவமனைப் பதிவேடுகளிலும் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்பதே நோய் முடிந்ததற்கு அடையாளம். இந்தப் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதைச் சிக்குன்குனியாவை நடுவில் வைத்து, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நிலமும் கொசுவும்

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பள்ளத்தாக்கு நீள்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின், மேற்கு நோக்கி ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இங்கே திரும்பியது. இருபோக நெல், பன்னீர் திராட்சை, வாழை, தென்னை என்று நிலம் செழித்தது. தென்மேற்குப் பருவத்தில் சாரல், வடகிழக்குப் பருவத்தில் கனமழை என ஆண்டில் இரண்டு மழைக்காலம் இங்கே உண்டு. கொசுவுக்கும் அப்படியே இரண்டு தவணை.

ஆனால் வயல் தண்ணீரையும் ஏடிஸையும் முடிச்சுப் போடக் கூடாது. நெல் வயலில் பெருகுவது கியூலெக்ஸ் இனக் கொசு. அது பரப்புவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் அந்நோய் 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் முதலில் கண்டறியப்பட்டது. ஏடிஸுக்கு வயலும் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். வீட்டுச் சிமெண்ட் தொட்டி, மூடாத டிரம், பழைய டயர், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை போதும். குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊர்களில் சேமித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே மழை பெய்யாத வறண்ட ஊரிலும் ஏடிஸ் வீட்டுக்குள்ளேயே வளரும்.

ஏடிஸிலும் இரண்டு வகை. ஏடிஸ் எஜிப்டி வீட்டோடு ஒட்டி வாழ்வது. கட்டில் அடியிலும் துணி மாட்டும் கொடியிலும் தங்கும். ஏடிஸ் அல்போபிக்டஸ் தோப்பையும் தோட்டத்தையும் விரும்புவது. மரப்பொந்து, வெட்டிய மூங்கில் கணு, மருந்து கலக்கிய டிரம் எல்லாம் அதற்கு இடம். பள்ளத்தாக்கின் ஊர்கள் முதல் வகைக்கும் மேலே உள்ள ஏலத் தோட்டங்கள் இரண்டாம் வகைக்கும் தோதானவை. கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பகுதிகளிலிருந்து ஏராளமான கூலித் தொழிலாளர்கள் விடியற்காலை ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். ஏடிஸ் தன் ஆயுளில் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. மலையைத் தாண்டும் வேலையை மனித ரத்தம் செய்துகொடுக்கிறது.

வந்த வழி

சிக்குன்குனியா 1952–53இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில், மக்கோண்டே மேட்டு நிலத்தில் பரவியபோது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. ஆனால் நோய் அதற்கும் பழையது. 1779இல் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டேவிட் பைலோன் என்ற மருத்துவர் மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு காய்ச்சலை எழுதிவைத்தார். நெடுங்காலம் அது டெங்குவின் முதல் விவரிப்பு என்று கருதப்பட்டது. வேலூரில் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் டொனால்ட் கேரி, அந்த அறிகுறிகள் சிக்குன்குனியாவுக்கே பொருந்துகின்றன என்று 1971இல் வாதிட்டார். இரண்டு நோய்களையும் ஒன்றாக எண்ணிக் குழம்பும் வழக்கத்துக்கு இரண்டு நூற்றாண்டு வயது.

இந்தியாவில் 1963இல் கொல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் சிக்குன்குனியா பரவியது. சென்னை நகரில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அப்போது நோயாளிகளை நேரில் ஆராய்ந்து அறிகுறிகளைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் கே. வி. திருவேங்கடம். அதே காலத்தில் வேலூரில் ஒரே நோயாளியின் ரத்தத்திலிருந்து சிக்குன்குனியாவும் டெங்கு இரண்டாம் வகையும் சேர்ந்தே பிரித்தெடுக்கப்பட்டன. ‘இதுவா அதுவா’ என்று கேட்கும் மருத்துவர் ‘இரண்டுமா’ என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு அது தமிழ்நாட்டிலேயே கிடைத்த சான்று.

1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒருமுறை தலைகாட்டியபின் நோய் மறைந்தது. சுமார் 32 ஆண்டுகள் கழித்து, 2005இன் இறுதியில் திரும்பியபோது வந்தது பழைய வைரஸ் அல்ல. முன்பு வந்தது ஆசிய மரபுவகை. இப்போது வந்தது ஆப்பிரிக்க மரபுவகை. 2004இல் கென்யக் கடற்கரையில் தொடங்கி, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கிய ரீயூனியன் தீவு வழியாக அந்த அலை இந்தியப் பெருங்கடலைக் கடந்திருந்தது. 2006இல் இந்தியாவில் 13.9 லட்சம் பேருக்கு நோய் இருக்கலாம் எனப் பதிவானது. அதில் பாதிக்கு மேல் கர்நாடகம்; தமிழ்நாட்டின் கணக்கு சுமார் 64,800.

பள்ளத்தாக்குக்கு முக்கியமான ஆண்டு 2007. அந்த ஆண்டு கேரளத்தில் கோட்டயம், பத்தனம்திட்டா, இடுக்கி மலைப்பகுதிகளில் நோய் கொழுந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கி அல்போபிக்டஸ் பெருகியிருந்தது. அங்கிருந்து எடுத்த வைரஸைப் புதுச்சேரியிலுள்ள கொசுவழி நோய் ஆய்வு மையத்தினர் சோதித்தபோது, அதன் மேலுறைப் புரதத்தில் 226ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது தெரிந்தது. ரீயூனியனில் ஏற்கெனவே காணப்பட்ட மாற்றம் அது. அந்த ஒரு மாற்றத்தால் அல்போபிக்டஸின் உடலில் வைரஸ் எளிதாகப் பெருகியது. ஊர் நோயாக இருந்தது தோட்ட நோயாகவும் ஆனது. இடுக்கியின் தோட்டமும் கம்பத்தின் தெருவும் ஒரே ஜீப் பயணத்தில் இணைந்திருக்கும் நிலத்தில் இதன் பொருள் பெரிது.

முதல் வாரம்

கொசு கடித்த 3 முதல் 7 நாளுக்குள் நோய் தொடங்கும். தொடக்கம் திடீரென்று இருக்கும். காலையில் வேலைக்குப் போனவர் மதியம் நடக்க முடியாமல் திரும்புவார். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; குளிரும் நடுக்கமும் சேரும். கூடவே மூட்டுவலி. விரல் கணு, மணிக்கட்டு, கணுக்கால், பாதம் என்று சிறு மூட்டுகளை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். முழங்காலும் தோளும் தப்புவதில்லை. தசைநாண் உறைகள் வீங்குவதால் கைவிரலை மடக்கக்கூட முடியாது. இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் பலருக்கு மார்பிலும் கைகால்களிலும் செந்தடிப்பு எழும். தலைவலி, கண் சிவத்தல், குமட்டல் உண்டு. காய்ச்சல் ஓரிரு நாள் விட்டு மீண்டும் வருவதும் உண்டு. சிலருக்குப் பிற்பாடு மூக்கின் மேலும் கன்னத்திலும் கருமை படியும். தென்னிந்திய மருத்துவர்கள் இதைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் தடயமாகவே பயன்படுத்துகிறார்கள்.

டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. சிக்குன்குனியா தொற்றியவர்களில் பெரும்பாலோர் படுத்துவிடுவார்கள். அதனால்தான் சிக்குன்குனியா வந்தால் தெருவே முடங்கியதுபோல் தெரிகிறது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது மிக அரிது என்பது ஒரு ஆறுதல். நோய் ஒரு ஊரைச் சூறையாடிவிட்டுப் பல ஆண்டுகள் மறைவதற்கும், நோயறியாத புதுத் தலைமுறை வளர்ந்தபின் திரும்புவதற்கும் இந்த எதிர்ப்பாற்றலே முக்கியக் காரணம்.

பிரித்தறிதல்

சிக்குன்குனியாவில் மூட்டு முன்னே நிற்கும். தொட்டால் வலிக்கும், வீக்கம் தெரியும். டெங்கில் கண்ணுக்குப் பின்னால் வலி, தசைவலி, முதுகுவலி முன்னே நிற்கும், மூட்டு வீங்காது. சிக்குன்குனியாவில் ரத்தத் தட்டணுக்கள் பெரிய அளவில் சரிவதில்லை. டெங்கில் தட்டணு சரிவதோடு ரத்தம் கெட்டிப்படுவதையும் பார்க்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை மட்டும் வைத்து வீடே பதறுவதும், எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அசந்துவிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். டெங்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவது. அது நடப்பது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில். அந்நேரத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சரிதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ‘உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையே சில குழந்தைகளுக்கு மிக ஆபத்தான வேளை.

மலையடிவாரத்தில் இன்னும் சில நோய்களையும் மனத்தில் வைக்க வேண்டும். புதரில் வாழும் சிற்றுண்ணி கடிப்பதால் வரும் ஸ்கரப் டைபஸ் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கருமையான பொருக்கு இருக்கிறதா என்று தேடினால் பலரிடம் அது அகப்படும். டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகும். வயலிலும் சேற்றிலும் வேலை செய்பவருக்கு எலிக்காய்ச்சல், வெளியூர் சென்று திரும்பியவருக்கு மலேரியா ஆகியவையும் பட்டியலில் உண்டு. இவற்றுக்கெல்லாம் குறிப்பிட்ட மருந்து இருக்கிறது. எல்லாவற்றையும் ‘வைரல் காய்ச்சல்’ என்று ஒதுக்குவது அந்த மருந்தைத் தாமதப்படுத்தும்.

ரத்தச் சோதனைக்கும் நாள் கணக்கு உண்டு. முதல் ஐந்து நாளில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும், டெங்குக்கு என்.எஸ்.1 சோதனையும் பயன்படும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஐ.ஜி.எம். எலிசா சோதனை. இரண்டாம் நாளில் எலிசா எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் நோயே இல்லை என்று பொருளாகாது. ஆகவே மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி ‘இது காய்ச்சலின் எத்தனையாவது நாள்’ என்பதுதான்.

மூன்று வாரத்துக்கு அப்பால்

மருத்துவர்கள் சிக்குன்குனியாவை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள்: முதல் மூன்று வாரம், மூன்று வாரம் முதல் மூன்று மாதம், அதற்கும் மேல். பெரும்பாலோர் முதல் கட்டத்திலேயே எழுந்துவிடுவார்கள். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், பத்தில் மூன்று நான்கு பேருக்கு மூட்டுவலி மாதங்களைத் தாண்டுகிறது. சிலருக்கு ஆண்டுகளைத் தாண்டுகிறது. 45 வயதைக் கடந்தவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டு நோய் உள்ளவர்கள், தொடக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். காலையில் எழுந்ததும் விறைப்பு, மணிக்கட்டிலும் விரலிலும் வீக்கம், குளிர் நாளில் கூடும் வலி என்று இது முடக்குவாதத்தைப் போலவே இருக்கும். முன்பு வந்த காய்ச்சலைக் கேட்டறியாத மருத்துவர் முடக்குவாதம் என்றே முடிவு கட்டக்கூடும்.

இந்த வலி ஒரு ஏலத் தோட்டத் தொழிலாளியிடம் என்ன செய்யும்? ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, விரல் நுனியால் முற்றிய காயை மட்டும் பறிக்க வேண்டும். கணுக்காலும் முழங்காலும் விரல் கணுவும் சேர்ந்து உழைத்தால்தான் கூலி. கீழே திராட்சைத் தோட்டத்தில் பந்தலை நோக்கிக் கையை உயர்த்திக் கவாத்து செய்ய வேண்டும்; கத்தரிக்கோலை அழுத்த மணிக்கட்டில் பலம் வேண்டும். நோய் குறிவைக்கும் மூட்டுகளும் பள்ளத்தாக்கின் கூலி வேலை கேட்கும் மூட்டுகளும் ஒன்றே. அலுவலகத்தில் இருப்பவருக்கு எரிச்சலூட்டும் விறைப்பு, நாள்கூலிக்காரர் வீட்டில் அடுப்பை அணைத்துவிடும்.

இதை எண்ணிலும் காணலாம். 2006ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இந்தியாவில் ஏற்படுத்திய சுமையைக் கே. கிருஷ்ணமூர்த்தியும் புதுச்சேரி மைய ஆய்வாளர்களும் கணக்கிட்டு 2009இல் வெளியிட்டார்கள். ஊனத்தால் இழந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் அந்தக் கணக்கில் மொத்தச் சுமை 25,588 ஆண்டுகள். அதில் 69 விழுக்காடு நீடித்த மூட்டுவலியால் வந்தது. வேலையிழப்பால் போன வருமானம் குறைந்தது 39 கோடி ரூபாய். காய்ச்சல் வாரத்தை மட்டும் எண்ணும் பதிவேடு இந்நோயின் சிறிய பகுதியைத்தான் எண்ணுகிறது.

அரிதானவை, ஆனால் மறக்கக் கூடாதவை

சிக்குன்குனியாவால் இறப்பு குறைவு. ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவு சொல்லப்படுகிறது. முதியோர், சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களே பெரும்பாலும் அதில் அடங்குவர். மூளை அழற்சியும், நரம்பு தளர்ந்து கைகால் செயலிழக்கும் கில்லன்–பாரே நோயும் அரிதாக வரும். காய்ச்சல் தணிந்து சில வாரங்களில் பார்வை மங்குபவர்களும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2006 அலையின் நோயாளிகளிடம் பார்வை நரம்பு அழற்சி, கருவிழிப் படல அழற்சி ஆகியவற்றைக் கண்டு 2007இல் வெளியிட்டார்கள். காய்ச்சலுக்குப் பிந்தைய பார்வைக் குறையைச் சோர்வு என்று விடக் கூடாது என்பதே அதன் பாடம்.

பிரசவ வேளையில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றுகிறது என்று ரீயூனியன் அனுபவம் காட்டியது. பிறக்கும்போது நன்றாக இருக்கும் குழந்தை சில நாளில் பால் மறுத்து, காய்ச்சல் கண்டு, வலிப்புக்குப் போகலாம். ஆகவே பேறுகாலத்தை ஒட்டிக் காய்ச்சல் கண்ட தாயின் குழந்தையை முதல் வாரம் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பில் வைப்பது நல்லது.

ஜிகா இதிலிருந்து வேறுபட்டது. காய்ச்சல் லேசானது, தடிப்பும் கண் சிவப்பும் உண்டு, பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் கர்ப்பத்தில் தொற்றினால் குழந்தையின் தலையும் மூளையும் வளர்ச்சி குன்றலாம். 2015–16இல் பிரேசில் கண்ட துயரம் இதுதான். தமிழ்நாட்டில் 2017இல் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டியை அடுத்த நாட்றாம்பாளையத்தில் ஒருவருக்கும், 2021இல் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் பலருக்கும் ஜிகா உறுதியானது. பரப்பும் கொசு இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

மருந்தும் ஊசியும்

சிக்குன்குனியா வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால், போதிய நீர், ஓய்வு. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், டைக்ளோபெனாக், இபுபுரூபன் கூடாது. டெங்காக இருந்தால் அவை ரத்தக் கசிவைத் தூண்டும். ‘ஒரு ஊசி போட்டால் மதியமே வேலைக்குப் போகலாம்’ என்ற நம்பிக்கை கூலித் தொழிலாளரிடம் பலமாக இருக்கிறது; அந்த ஊசியில் பல இடங்களில் டைக்ளோபெனாக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே வருகின்றன. முதல் கட்டத்தில் ஸ்டீராய்டால் நன்மைக்குச் சான்று இல்லை. மருந்து நின்றதும் வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். குளோரோகுவின் மாத்திரை பரவலாகக் கொடுக்கப்பட்டது. சோதனைகளில் பலன் நிறுவப்படவில்லை. நிலவேம்புக் குடிநீர் குடித்தாலும் அபாய அறிகுறிகளைக் கவனிக்கும் கடமை மாறாது. மூன்று மாதம் கடந்தும் மூட்டு வீங்கியே இருந்தால் மூட்டுநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மீத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து தேவைப்படுபவர்களும் உண்டு. மிதமான உடற்பயிற்சி தொடக்கத்திலிருந்தே உதவும்.

சிக்குன்குனியாவுக்கான தடுப்பூசி 2023 நவம்பரில் அமெரிக்காவில் முதல்முறையாக அனுமதி பெற்றது. உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்த அந்த ஊசிக்கு, முதியோரிடம் கடும் பக்கவிளைவுகள் பதிவானதால், 2025 ஆகஸ்டில் அங்கே உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. வேறு முறையில் செய்த இன்னொரு தடுப்பூசி 2025இல் அனுமதி பெற்றுள்ளது. எப்படியும் இப்போதைக்குப் பள்ளத்தாக்கின் கேடயம் கொசு ஒழிப்புதான்.

செய்ய வேண்டியவை

முட்டையிலிருந்து கொசுவாக ஏடிஸுக்குச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் தேவை. ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து, பக்கங்களைத் தேய்த்துக் கழுவினால் சங்கிலி அறும். தேய்ப்பது முக்கியம், சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீரில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலிசெய்ய முடியாத தொட்டியில் பேரூராட்சி ஊழியர் ஊற்றும் அபேட் மருந்தைத் தடுக்காமல் விட வேண்டும். மாலையில் அடிக்கும் புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டும் தொடும். புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் பகலில் கடிப்பது. காய்ச்சல் கண்டவரின் ரத்தத்தில் முதல் வாரம் வைரஸ் இருப்பதால், அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் வைப்பது பக்கத்து வீட்டைக் காக்கும். அந்த வாரம் அவர் ஜீப்பில் ஏறாமலிருப்பது மலைக்கு அப்பாலுள்ள தோட்டத்தைக் காக்கும். கூலி போய்விடுமே என்ற பயம் இருக்கும்வரை இந்த அறிவுரை ஏட்டோடு நின்றுவிடும். காய்ச்சல் வாரத்துக்குத் தோட்ட நிர்வாகம் அரைக் கூலியாவது கொடுப்பது கொசு மருந்துக்குச் செலவிடுவதைப் போன்ற தடுப்புச் செலவே.

இரண்டு சீர்திருத்தம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, இடுக்கி, தேனி மாவட்டச் சுகாதாரத் துறைகள் வாரந்தோறும் காய்ச்சல் கணக்கைப் பகிர்ந்துகொள்வது. தொழிலாளி ஒரே நாளில் இரண்டு மாநிலத்திலும் கொசுக்கடி படுகிறார்; அவர் நோய் ஒரு மாநிலத்தின் ஏட்டில் மட்டும் ஏறுவதில் பொருளில்லை. இரண்டு, சிக்குன்குனியா உறுதியானவரை மூன்றாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் மறுபடி பார்ப்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார். அவருடைய பட்டியலில் சிக்குன்குனியாவுக்குப் பின் மூட்டு மடங்காதவர்களின் பெயரையும் சேர்க்கப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை. மூட்டு, கண், பிறந்த குழந்தை மூன்றையும் பற்றி மூன்றே கேள்வி கேட்டு எழுதினால் போதும். அப்படி எழுதத் தொடங்கினால்தான் இந்நோய் பள்ளத்தாக்கில் எத்தனை பேரின் வேலையைப் பறிக்கிறது என்பது முதல்முறையாக அரசுக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு இருந்தால்தான் நிவாரணமும் கேட்க முடியும்.